சமைக்கிற ஆளின் முழங்கை

"இந்த வீட்டுல சமைக்கிறது யாரு? அவங்க வந்து இங்க நிக்கணும். முழங்கை அளவு எடுக்கணும்."

கேட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற முதலாளிக்கு உடனே இருமல் வந்தது.

மாடுலர் கிச்சன் கடையில் நான் டிசைனராகச் சேர்ந்த அன்றைக்கே அவர் எனக்கு எடுத்த பாடம் இது. கதவில் ஒட்டுகிற மைக்கா என்ன நிறம் என்று கேள். டிராயர் சத்தமில்லாமல் மூட வேண்டுமா என்று கேள். அலமாரிக்கு அடியில் விளக்கு வேண்டுமா என்று கேள். சமைக்கிற ஆளைக் கூப்பிடச் சொல்லி மட்டும் கேட்காதே. கேட்டால் மாமியார் மருமகளைப் பார்ப்பாள், மருமகள் புருஷனைப் பார்ப்பாள், புருஷன் நம்மைப் பார்ப்பான், ஆர்டர் வாசலைப் பார்க்கும். "நாம கிச்சன் விக்கிறோம்மா, குடும்பம் விக்கல" என்பார்.

கடையில் நாங்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் வார்னிஷ். எந்த ஓட்டை உடைசலையும் ஒரு சிரிப்பைப் பூசி மினுக்கிவிடுகிற மனிதர்.

அவர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. அதைவிட நன்றாக நினைவிருந்தது இன்னொன்று: இந்த வீட்டுக்கான வரைபடத்துக்கு ஒப்புதல் வாங்கிவிட்டால் எனக்கு வேலை நிரந்தரம். அதுவரை நான் வரைந்தவையெல்லாம் வேறு யார் யார் பெயரிலோ போயின. இதில்தான் முதன்முதலாகக் கீழ் மூலையில் என் பெயர். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதற்கு முன் எங்கள் வீட்டுக்குப் பெயர் அச்சடித்து வந்த காகிதம் மின்சாரக் கட்டணச் சீட்டு ஒன்றுதான். அதிலும் வாடகை வீட்டுச் சொந்தக்காரர் பெயர்தான் இருக்கும்.

பிறகு ஏன் கேட்டேன்? என் அம்மா ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமைக்கிறாள். அங்கே மேடை அவளுடைய விலா உயரத்துக்கு இருக்கும். கட்டியவன் சுவரை அளந்தான், அடுப்பை அளந்தான், அண்டாவை அளந்தான், அவளை அளக்கவில்லை. கையைத் தூக்கித் தூக்கிக் கிளறி, அவளுடைய வலது தோள் இடது தோளைவிட மேலே ஏறி நின்றுவிட்டது. சும்மா நிற்கும்போதுகூட யாரிடமோ "எனக்கென்ன தெரியும்" என்று சொல்வது போலிருப்பாள். எங்கள் வீட்டுப் போட்டோக்கள் எல்லாவற்றிலும் அம்மாவுக்கு எதுவும் தெரியாது.

அதனால்தான் கேட்டேன். இனியும் கேட்பேன்.

அது மூன்றாவது மாடியில் ஒரு வீடு. வீட்டுக்காரி வக்கீல். குள்ளம், வேகமான நடை, கையோடு ஒட்டிப் பிறந்தது போல ஒரு போன். கணவர் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், நல்ல உயரம். ஒவ்வொரு நிலைப்படியிலும் தலையைக் குனிந்தே உள்ளே வருவார். சட்டைக்குள் இடுப்பைச் சுற்றிப் பட்டையாக ஏதோ கட்டியிருப்பது தெரிந்தது. இவர்கள் இருவரையும் தவிர, சோபாவின் நட்டநடுவில் அவருடைய அக்கா. அவர் வீடு அடுத்த தெரு. ஆனால் இந்த வீட்டுச் சாவி ஒன்று அவரிடமும் உண்டு. மணியடிக்கிற பழக்கம் இல்லை.

என் கேள்விக்கு முதலில் பதில் சொன்னதும் அவர்தான்.

"இது என்னம்மா கேள்வி? வீட்டுல பொம்பளை இருக்கறப்ப வேற யாரு சமைப்பா? என் தம்பிக்கு அடுப்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னே தெரியாது. அப்படி வளத்திருக்கேன்."

தம்பி மின்விசிறியைப் பார்த்தார். வக்கீலம்மா போனைக் கீழே வைத்துவிட்டு வந்து என் முன்னால் விறைப்பாக நின்று கையை மடக்கினார், சத்தியம் பண்ணக் கூண்டில் ஏறியவர் மாதிரி. முழங்கையிலிருந்து உள்ளங்கை அகலத்துக்குக் கொஞ்சம் கூடவே கீழே இறங்கினால் அதுதான் மேடையின் உயரம். குறித்துக்கொண்டேன். வார்னிஷின் இருமல் நின்றது.

"பாத்தியாம்மா, மேடம் எவ்வளவு ஒத்துழைக்கிறாங்க" என்றார், கேட்கச் சொன்னதே அவர்தான் என்பது போல.

அடுத்ததாக வரைபடத்தை விரித்தேன். எனக்கு அதில் பெருமையான இடம் ஒன்று இருந்தது. போன வாரம் பழைய சமையலறையைப் பார்க்க வந்தபோது, மேடையில் தடித்த சட்டப் புத்தகங்கள் இரண்டு ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. அட்டையில் வெங்காயத்தோல் ஒட்டியிருந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது. வெங்காயம் வதங்குகிற நேரத்தில் வழக்குக்குப் படிக்கிற பெண் என்று நினைத்துக்கொண்டு, அடுப்புக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னப் புத்தக அலமாரியும், திறந்த புத்தகத்தை நிறுத்தி வைக்க ஒரு தாங்கியும் வரைந்திருந்தேன்.

"இது என்னம்மா?" என்றார் வக்கீலம்மா.

"உங்க புத்தகத்துக்கு மேடம். சமைச்சுக்கிட்டே படிக்கலாம்."

அவர் கணவரைப் பார்த்தார். கணவர் மறுபடி மின்விசிறியைப் பார்த்தார். அந்த விசிறியில் அப்படி என்னதான் இருக்கிறதோ என்று நானும் ஒருமுறை பார்த்தேன்.

"படிக்கட்டும் படிக்கட்டும்" என்றார் அக்கா. "படிச்சுக்கிட்டே அவ சமைக்கிற ருசி இருக்கே. போன வாரம் சாப்பிட்டேன், எங்கம்மா கைப்பக்குவம் அப்படியே. எங்கம்மாவை இவ பாத்ததுகூட இல்ல. எங்க இருந்துதான் வந்துச்சோ."

பலகையை அறுக்கக் கொடுப்பதற்கு முன் நான் ஒரு வேலை செய்வேன். கடையில் அதற்கு "அட்டைப்பெட்டி சமையல்" என்று கேலிப் பெயர். காலி அட்டைப் பெட்டிகளைக் கொண்டுபோய், நிஜ அளவில், நிஜ உயரத்தில், வீட்டுக் கூடத்திலேயே ஒரு பொம்மைச் சமையலறை அடுக்குவேன். அடுப்பு இங்கே, சிங்க் இங்கே, குப்பைக்கூடை இங்கே என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதி வைப்பேன். வீட்டுக்காரர்கள் அதில் ஒருமுறை சும்மா சமைத்துக் காட்ட வேண்டும். எங்கே இடிக்கிறது, எங்கே கை எட்டவில்லை என்று அப்போதே தெரிந்துவிடும். பிளைவுட்டில் தெரிந்துகொள்வதற்கு அட்டையில் தெரிந்துகொள்வது மேல். ஜனங்கள் போட்டோ எடுத்துச் சந்தோஷப்படுகிறார்கள் என்பதால் வார்னிஷ் இதை மட்டும் அனுமதித்திருந்தார். இந்த வீட்டுக் கூடத்திலும் அடுக்கி முடித்தேன்.

"மேடம், நீங்க கடைக்குப் போயிட்டு வர்றீங்க. கையில பை. எல்லாருக்கும் டீ போடுறீங்க. வாங்க."

வக்கீலம்மா இல்லாத பையைத் தூக்கிக்கொண்டு வந்து அடுப்பின் மேல் வைத்தார்.

"பை எரியுது மேடம்."

பையை எடுத்து சிங்க்குக்குள் வைத்தார். பாத்திரத்தைத் தேடி, கரண்டிகள் என்று எழுதியிருந்த டிராயரைத் திறந்தார். அதில் கிடைத்த பாத்திரத்தில் பாலை ஊற்றினார். கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"பொங்கிடுச்சு" என்றார்.

"வேலைக்குப் போற பொண்ணு. எல்லாத்துலயும் ஒரு அவசரம்" என்று அக்கா விளக்கம் சொன்னார்.

நான் வக்கீலம்மாவைப் பார்க்கவில்லை. சோபாவின் ஓரத்தில் இருந்த வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பால் பாத்திரம் அடுப்பில் ஏறியதுமே அந்தக் கை, முழங்காலின் மேல், மெதுவாக ஒரு திருகைத் திருப்பியது. பொங்கிடுச்சு என்றதும் படக்கென்று திருப்பி அணைத்தது. அதன் சொந்தக்காரர் மின்விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நல்ல வேளையாக அக்காவுக்கு போன் வந்தது. பேசுகிறவர் வேறு நாட்டில் இருந்தாலும் அந்த போன் தேவையில்லை எனும்படியான குரலில் பேசிக்கொண்டே பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வார்னிஷ் மைக்கா மாதிரிகளை எடுத்துவரக் காருக்கு இறங்கினார்.

நான் கணவரிடம் திரும்பினேன். "சார், பத்த வைக்காம பால் எப்படிப் பொங்குச்சு?"

வக்கீலம்மா பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "போச்சு. சாட்சியே காட்டிக் குடுத்துட்டார்."

"நான் ஒண்ணும் பண்ணலையே" என்றார் அவர்.

"உங்க கை பண்ணுச்சு சார்" என்றேன்.

அவர் தன் கையைப் பார்த்தார், அது வேறு யாருடையதோ என்பது போல. அப்புறம் சிரித்தார். சிரித்தபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

கதை இதுதான். அந்த வீட்டில் கல்யாணம் ஆன நாளிலிருந்து சமையல் அவர். அக்காவின் செருப்புச் சத்தம் மாடிப்படியில் கேட்டதும் கரண்டி கைமாறும். இவர் செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்காருவார், வக்கீலம்மா அடுப்பின் முன் நிற்பார். செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து "உப்பு, உப்பு" என்று குரல் வரும்.

"அப்ப அந்தப் புத்தகம்?" என்றேன். கேட்கும்போதே பதில் தெரிந்து காது சுட்டது.

"அது பழைய சொத்துரிமைச் சட்டம், ரெண்டு பாகம்" என்றார் வக்கீலம்மா. "காய் நறுக்குற பலகைக்கு அடியில முட்டுக் குடுக்குறதுக்கு. மேடை இவருக்கு ரொம்பத் தாழ்வா இருக்குல்ல, அது ரெண்டையும் வச்சாத்தான் இவர் நிமிந்து நறுக்க முடியும். நீ நான் படிக்கிறேன்னா நெனச்ச?"

"அலமாரியே வரைஞ்சிட்டேன் மேடம்."

"பாத்தேன். மனசுக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. நான் அந்த ரூமுக்குப் போறதே தண்ணி குடிக்க."

சிரிப்பு வந்தது. கூடவே கோபமும் வந்தது. எனக்கு இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தேதான் வரும். "ரெண்டு பேரும் இவ்வளவு படிச்சிருக்கீங்க. ஒரு கரண்டியைப் போய் ஒளிச்சு வச்சு வாழுறீங்களே" என்றேன்.

"படிச்சா அக்கா இல்லாமப் போயிடுவாங்களா?" என்றார் அவர். கோபப்படாமல்தான் கேட்டார். "எங்கம்மா படுத்த படுக்கையா இருந்தப்ப அவங்க சொல்லச் சொல்லச் செஞ்சு பழகினதும்மா இது. அக்கா அப்ப வேலைக்குப் போயிருப்பாங்க, வந்து பாத்தா சாப்பாடு இருக்கும். அம்மாவே எந்திரிச்சுச் செஞ்சாங்கன்னு நெனச்சுக்கிட்டாங்க. தம்பியை அடுப்படிப் பக்கம் விடாம வளத்தேன்னு இன்னிக்கு வரைக்கும் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்காங்க. அதைப் போய் எப்படிப் பொய்யாக்குறது?"

"உங்க இடுப்பு?"

"அது டாக்டர் பாத்துக்கிறார்."

டாக்டர் பட்டையைத்தான் கட்டினார், மேடையை உயர்த்தவில்லை. நான் அவரை எழுந்து நிற்கச் சொன்னேன். கையை மடக்கச் சொல்லி அளந்தேன். "தையல்காரரை விட்டா யாரும் இது வரைக்கும் என்னை அளந்ததில்லம்மா" என்றார். அவர் உயரத்துக்கும் மனைவி உயரத்துக்கும் ஒரே மேடை பொருந்த வேண்டுமென்றால், நான் வரைந்திருந்த மேடைக்குக் கால் முளைத்தால்தான் சரிப்படும் போலிருந்தது.

முளைக்க வைத்தேன். அங்கேயே, ஒரு பெட்டியின் மேல் வரைபடத்தை வைத்து அதன் மேலேயே கோடு போட்டேன். அடுப்பும் சிங்க்கும் இருக்கிற இடத்தில் இருக்கட்டும். நடுவே நறுக்கவும் பிசையவும் இருக்கிற நீண்ட மேடை மட்டும் திருகுக் கால்களில் நிற்கும். பக்கத்தில் ஒரு கைப்பிடி. சுற்றினால் ஏறும், மறுபக்கம் சுற்றினால் இறங்கும். அதற்கு அடியில் இருக்கிற டிராயர் பெட்டிகளுக்குச் சக்கரம், வேண்டுமென்றால் வெளியே உருட்டிக்கொள்ளலாம். மேல் அலமாரிகள் சுவரில் ஒரு கம்பியில் தொங்கும். நாளைக்கு வீட்டுக்கு வேறு யார் சமைக்க வந்தாலும் கழற்றி அவர்கள் கைக்கு எட்டும்படி மாட்டிக்கொள்ளலாம்.

"அக்கா வந்தா இறக்கிடலாமா?" என்றார் அவர் ஆசையாக.

"இறக்கலாம். ஆனா சட்டுனு இறங்காது சார். கொஞ்ச நேரம் சுத்தணும்."

"அதுவரைக்கும் நான் வாசல்ல பேச்சுக் குடுத்து நிறுத்துறேன்" என்றார் வக்கீலம்மா. "வாய்தா வாங்குறதுதானே என் தொழில்."

மூன்று பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி அந்தக் காகிதத்தின் மேல் குனிந்திருந்தோம். நான் வரைந்ததிலேயே நல்ல வரைபடம் அதுதான். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

வார்னிஷ் மேலே வந்தார். அக்கா பால்கனியிலிருந்து வந்தார். காகிதத்தைப் பார்த்ததும் வார்னிஷின் சிரிப்பு ஓரத்தில் லேசாக உரிந்தது. திருகுக் கால் எங்கள் கிடங்கில் கிடையாது, வெளியில் சொல்லிச் செய்ய வேண்டும். கிடங்கில் இருப்பது ஒரே உயரத்தில் அடித்து அடுக்கிய பெட்டிகள். உலகத்தில் உள்ள எல்லோருக்கும் ஒரே முழங்கை என்று நம்புகிறவன் செய்த பெட்டிகள்.

"இது எதுக்கு ஏறி இறங்கணும்?" என்றார் அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு. "எங்க வக்கீலு இன்னும் வளரப் போறாளா?"

எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது வார்னிஷ்தான். "அதானேம்மா. இந்தக் காலத்துப் பிள்ளைங்க, காலேஜ்ல என்னத்தையாவது படிச்சிட்டு வந்து நம்ம தலையில கட்டப் பாக்குதுங்க. மேடத்தோட உயரத்துக்கு நிலையா ஒரு மேடை. சக்கரம் வேணா சும்மா ரெண்டு வச்சுக்கலாம். என்ன சார்?"

நான் சாரைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சமைக்கிறேன் என்றுகூடச் சொல்ல வேண்டாம். எனக்கு இது பிடித்திருக்கிறது, இருக்கட்டும் என்றால் போதும்.

அவர் இடுப்புப் பட்டையைச் சரி செய்துகொண்டார். "அவ உயரமே போதும்மா. எதுக்கு வம்பு."

வக்கீலம்மாவைப் பார்த்தேன். முன்பின் தெரியாதவர்களுக்காக மணிக்கணக்கில் வாதாடுகிற வாய், திறந்தது, மூடியது. கை போனை எடுத்துக்கொண்டது.

"பாத்தியா, கஸ்டமரே சொல்லிட்டார்" என்று வார்னிஷ் பேனாவை எடுத்தார். என்னுடைய கைப்பிடியின் மேல் ஒரு கோடு, திருகுக் கால்களின் மேல் ஒரு கோடு. உயரம் இருந்த இடத்தில் வக்கீலம்மாவின் அளவை எழுதி வட்டம் போட்டார். காகிதத்தை என் பக்கம் தள்ளினார். "உன் பேருலயே போகட்டும்மா. கையெழுத்தைப் போடு. நாளையிலருந்து நீ நிரந்தரம்."

"நல்லா இரும்மா" என்று அக்கா அங்கிருந்தே வாழ்த்திவிட்டார்.

பேனா என் கையில் இருந்தது. அம்மாவிடம் போய்ச் சொல்கிற வாக்கியம்கூட மனதுக்குள் வந்துவிட்டது. அந்த வாக்கியம் நன்றாகத்தான் இருந்தது. கூடவே, இந்த உயரமான மனிதர் இன்னும் பல வருஷத்துக்கு அந்த மேடையின் மேல் வளைந்து நிற்கிற காட்சியும் வந்தது. அதற்குக் கீழ் மூலையில் என் பெயர்.

"அளவு தப்பு சார்" என்றேன்.

"யாரோட அளவு?" என்றார் அக்கா. அவருக்குக் காது கூர்மை.

கூடமே என் வாயைப் பார்த்தது. சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில்தான் நின்றது. ஆனால் அது அவர்கள் வீட்டு விஷயம். ஒரு ஆளின் முழங்கையை அளந்துவிட்டேன் என்பதற்காக அவர் குட்டை உடைக்கிற உரிமை எனக்கு வந்துவிடாது.

"அங்க நிக்கப்போற ஆளோட அளவும்மா. அதுக்கு மேல என்கிட்டக் கேக்காதீங்க. வீட்டுல கேளுங்க."

வார்னிஷ் என் தோளில் தட்டி வாசல் நடைக்குக் கூட்டிப் போனார். சிரிப்பு அப்படியே இருந்தது. குரல் மட்டும் இறங்கியது. "உங்கம்மா கேன்டீன்ல வேலை பாக்குறாங்கன்னு தெரிஞ்சு, பாவமேன்னுதான் உன்னை எடுத்தேன். வசதியான வீட்டுப் பிள்ளைங்க இந்த மாதிரிப் பேசினா அழகு. உன் வீட்டு நிலைமைக்கு இந்தத் திமிரு தாங்குமா, நீயே யோசி. போய்க் கையெழுத்தைப் போட்டுட்டு வா."

"பாவம் பாத்து எடுத்தீங்களா சார்? நான் நல்லா வரைஞ்சதுக்கு எடுத்தீங்கன்னு நெனச்சேன்."

"ரெண்டும்தான்மா."

"சரி சார்."

எனக்கு எல்லாம் அந்த நடையிலேயே முடிந்துவிட்டது. அப்புறம் செய்ததெல்லாம் சாமான்களை எடுத்து வைக்கிற வேலைதான். உள்ளே போனேன். வார்னிஷின் பேனாவாலேயே கீழ் மூலையில் என் பெயரை அடித்தேன், படிக்க முடியாதபடி நன்றாகவே அடித்தேன். கடையின் டேப்பையும் அடையாள அட்டையையும் அதன் மேல் வைத்தேன். என் ஸ்கெட்ச் பேனாக்களைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அவை என் காசு.

"என்னம்மா பண்ற?" என்றார் வார்னிஷ்.

"கிளம்புறேன் சார்."

"இப்பக் கிளம்பினா கடைப்பக்கம் வராத."

"வரலை சார்."

வக்கீலம்மா போனிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். சொல்லித் தெரிய அவர் என்ன சின்னப் பிள்ளையா? வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினேன். ஒரு வார் முறுக்கிக்கொண்டு தொல்லை கொடுத்தது. குனிந்து அதைச் சரி செய்யும்போது உள்ளே நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது.

"அண்ணி, கொஞ்சம் உக்காருங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்." வக்கீலம்மாவின் குரல். கோர்ட்டில் இந்தக் குரலில்தான் பேசுவார் போலிருக்கிறது.

"இப்ப எதுக்கும்மா அதெல்லாம்" என்றார் கணவர்.

"நீங்க இடுப்பை நேரா வச்சு உக்காருங்க. அண்ணி, போன வாரம் நீங்க சாப்பிட்டீங்களே—"

"என்னடி, புதிர் போடுற?" என்றார் அக்கா.

ஆர்டரின் வாசனை எந்தத் திசையில் திரும்பினாலும் வார்னிஷின் மூக்கு அறியும். வேகமாக வாசலுக்கு வந்தார். "ஏம்மா, ஒரு நிமிஷம். உள்ள வா. சார் மனசு மாறினாலும் மாறுவார். அந்தத் திருகுக் காலைக்கூட வெளிய சொல்லிச் செஞ்சுக்கலாம். உன் பேருலயே போட்டுக்கலாம். கோவத்துல கிளம்பாத."

மாறட்டும். மாறினால் அந்த மனிதரின் இடுப்புக்கு நல்லது. வரைபடம் அங்கேதான் இருக்கிறது, கோடுகளுக்கு அடியில் எல்லாம் தெளிவாகத் தெரியும், எந்தத் தச்சனும் பார்த்துச் செய்துவிடலாம். ஆனால் வார்னிஷுக்கு நாளைக்கு இன்னொரு வீடு இருக்கிறது, அங்கேயும் நான் வாயை மூடிக்கொண்டு மைக்கா நிறம் கேட்க வேண்டியிருக்கும்.

"கோவத்துலதான் சார் கிளம்புறேன். வழி விடுங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.